நான்காவது சுழல்

துடைத்த பிறகும் மூன்று இருந்தன.

அந்த ஆய்வகத்தில் துடைப்பது என்றால் துணியும் வாளியும் அல்ல. கடுங்குளிரில் மின்சாரத்தைத் தடையே இல்லாமல் கடத்தும் மீகடத்திப் படிகத்தைக் கொஞ்சம் சூடாக்குவார்கள். சூடு ஏறியதும் அது தன் குணத்தை இழந்து சாதாரணக் கல்லாகிவிடும். உள்ளே மாட்டிக்கொண்டிருந்த காந்தச் சுழல்கள் எல்லாம் இருக்க இடமில்லாமல் வெளியேறிவிடும். மறுபடி குளிர வைத்தால் படிகம் சுத்தமாக இருக்கும். எத்தனையோ முறை அவள் அப்படித் துடைத்திருக்கிறாள். இந்த முறை துடைத்துக் குளிர வைத்து, படிகத்தின் மேலே தந்தியை மெல்ல நகர்த்தியபோது, ஸ்பீக்கரில் ஒரே சீராக வந்துகொண்டிருந்த ஊளைச் சத்தம் மூன்று இடங்களில் சற்றே தாழ்ந்து எழுந்தது. முன்பு இருந்த அதே மூன்று இடங்கள். அவள் மறுபடி துடைத்தாள். மறுபடியும் மூன்று.

தந்தி என்று அவர்கள் செல்லமாகச் சொன்னது, கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிய ஒரு சிலிக்கன் பட்டை. இரண்டு முனைகளிலும் கட்டப்பட்டு, படிகத்தைத் தொட்டும் தொடாமலும் மேலே நின்று, ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். கீழே துளி மின்னூட்டம் இருந்தால் போதும், அந்த அதிர்வு மயிரிழை மாறும். ஒவ்வொரு சுழலின் நடுவிலும் மின்னூட்டம் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு என்று அளப்பதுதான் அவளுடைய வேலை. திரையில் ஓடும் கோட்டையே நாளெல்லாம் பார்த்தால் கண் பூத்துப்போகும் என்பதால், அதிர்வைக் காதுக்கு எட்டும் சத்தமாக மாற்றி ஸ்பீக்கரில் விட்டிருந்தார்கள். கோட்டில் தெரிவதற்கு முன்பே அவள் சத்தத்தில் பிடித்துவிடுவாள். அதனால் அங்கே அவளுக்குக் 'காது' என்று பெயர்.

அவளோடு வேலை செய்தவனுக்குப் 'புள்ளி' என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் "ஒரே ஒரு புள்ளிய வச்சுக் கோடு போடாதே" என்பான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தபோதும் அதையேதான் சொன்னான், இன்னும் ஒண்டிக்கட்டை. மூன்று சுழல்களுக்கும் பெயர் வைத்தவன் அவன்தான். நன்றாக ஆழமாகத் தாழும் சத்தம் பெருசு, அடுத்தது நடு, மூன்றாவது சின்னது.

"உண்மையான சுழல்தானா, இல்ல அழுக்கு எதுவும் ஒட்டிக்கிட்டிருக்கான்னு தள்ளிப் பார்த்துடலாமே" என்றான்.

அதுவும் அவர்கள் வழக்கம்தான். ஊசி முனை ஒன்றைக் கிட்டே கொண்டுபோய் லேசாகத் தள்ளினால் சுழல் நகரும், அழுக்கு நகராது. அவள் பெருசைத் தள்ளினாள். ஊளை தாழும் இடம் இடது பக்கம் விலகியது. சுழல்தான். இருவரும் திருப்தியோடு சாப்பிடப் போனார்கள்.

அன்று வீட்டுக்குப் போனால் கணவன் நெற்றியில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பல்ப் மாத்த நாற்காலி மேல ஏறினேன். யாரோ தோளைப் பிடிச்சுத் தள்ளின மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பார்த்தா ஆளே இல்ல."

"நாற்காலி ஆடியிருக்கும்."

"ஆடலைங்கறேன். இடது பக்கமா அப்படியே ஒரு தள்ளு. நான் விழுந்ததைப் பார்த்து உன் பொண்ணு கை தட்டறா."

அவள் சிரித்தாள். மறுநாள் அதை மறந்தும்போனாள். ஆனால் அன்று மதியம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அவள் ஆய்வகத்துக்கு வருவதற்குள் புள்ளி நடுவையும் தள்ளிவிட்டிருந்தான். ஊளை விலகியதைக் கேட்டபடியே உள்ளே நுழைந்தவளுக்கு, கணவன் சொன்ன தள்ளு நினைவுக்கு வந்தது. ஆய்வகத்துத் தொலைபேசியை எடுத்து வீட்டுக்கு அடித்தாள். நாத்தனார் எடுத்தாள். பரீட்சைக்குப் படிப்பதற்காக வந்து இவர்களோடு தங்கியிருக்கும் கணவனின் தங்கை.

"அண்ணி, நானே கூப்பிடணும்னு இருந்தேன். இப்பத்தான் அடுப்படியில நின்னுட்டிருந்தேன், அப்படியே வழுக்கிக்கிட்டுப் போய் சுவத்துல இடிச்சேன். தரையில ஒரு சொட்டு ஈரம் கிடையாது. உங்க வீட்டுத் தரைக்கு என்ன ஆச்சு?"

அவள் போனை வைத்துவிட்டுச் சொன்னபோது புள்ளி வழக்கம் போலச் சிரிக்கத்தான் ஆரம்பித்தான். "இப்ப ரெண்டு புள்ளி இருக்கு. மூணாவதையும் பார்த்துட்டா..."

"மூணாவது புள்ளி என் பொண்ணு. கை வச்சேன்னா கொன்னுடுவேன்."

அவன் ஊசியைத் தூக்கிப் பூட்டினான். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

அதன் பிறகு வந்த நாட்களில் இருவரும் தள்ளவில்லை, துடைக்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். பார்க்கப் பார்க்கத்தான் பயம் கூடியது. பெருசும் நடுவும் அவ்வப்போது மயிரிழை நகரும். சின்னது ஓரிடத்தில் நிற்காது. இங்கே ஓடும், அங்கே ஓடும், சுற்றும், திடீரென்று அடங்கிவிடும். அடங்கிய நேரத்தில் வீட்டுக்கு அடித்துக் கேட்டால், "பாப்பா தூங்கறா" என்பார்கள். மூன்றும் நெருங்கி ஒரே மூலையில் கூடியபோது அடித்தால், மூவரும் மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அவள் வீட்டில் எத்தனை பேரோ அத்தனை சுழல். கணவன், நாத்தனார், மகள். கணக்குச் சரியாக இருந்தது. அவள் தன்னைச் சேர்க்கவில்லை. ஆட்களை எண்ணும்போது தன்னை எண்ணுவதே இல்லை அவள். ஓட்டலில் எத்தனை பேர் என்று கேட்டால்கூட ஒன்று குறைத்துத்தான் சொல்வாள், கணவன் திருத்துவான். அளப்பவர் அளவுக்குள் வரக் கூடாது என்பது அவர்கள் வேலையின் முதல் பாடம். கருவிக்கு முன்னால் உட்காரும் முன் மணிக்கட்டில் எர்த் பட்டையைக் கட்டி, தன் உடம்பில் இருக்கும் மின்னூட்டத்தையெல்லாம் தரைக்கு இறக்கிவிட்டு, தான் அங்கே இல்லாத மாதிரி ஆக்கிக்கொண்ட பிறகுதான் அளக்க ஆரம்பிப்பார்கள்.

யாரிடம் போய்ச் சொல்வது? என்னவென்று சொல்வது? படிகத்தைத் தொடாமல் அப்படியே குளிரில் வைத்திருப்போம், யோசிப்போம் என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

விடுமுறை நாள் காலையில், பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

கணினியில் ஒரு வேலை வரிசையில் நின்றுகொண்டிருந்தது. இதெல்லாம் தொடங்கும் முன்பே அவள் போட்டு வைத்த வேலை. எந்த அளவையும் ஒரு முறை எடுத்துவிட்டு, காந்தத்தைத் திசை மாற்றி இன்னொரு முறை எடுப்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் நம்புவார்கள். லிஃப்ட் ஓடினால் கட்டடம் அதிரும், தந்தி உளறும் என்பதால், லிஃப்ட் ஓடாத விடுமுறை நாளாகப் பார்த்து அந்த வேலையை வைத்திருந்தாள். காந்தம் திசை மாறினால் படிகத்துக்குள் எதிர்ச்சுழல் நுழையும். சாதாரணச் சுழல்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகி நிற்கும், எதிர்ச்சுழல் அப்படியல்ல. அது சுழலை இழுக்கும், சுழல் அதை இழுக்கும். இரண்டும் சேர்ந்த இடத்தில் இரண்டுமே இருக்காது. மிச்சம் மீதி எதுவும் இல்லாமல் வெறும் படிகம் மட்டும் இருக்கும். படித்த காலத்தில் அவளுக்கு அது பிடித்தமான பாடம்.

மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிவிடக் கூடாதென்று கதவருகே நின்று பார்த்ததோடு சரி, முத்தம்கூடக் கொடுக்காமல் காரை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஆய்வகம் இருந்த நிலவறைக்குப் போகும் படிகளில் விளக்கு எரியவில்லை. அவள் தட்டுத் தடுமாறி இறங்கினாள். கீழே பம்பு எண்ணெயின் வாடையும், யாரோ நேற்று தரை துடைத்த மருந்தின் வாடையும் கலந்து மூடிய காற்றில் தேங்கியிருந்தன. கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கும்போதே ஊளை கேட்டது, அதற்கு அடியில் காந்தத்துக்குள் மின்சாரம் ஏறும் அந்த மெல்லிய முனகலும் கேட்டது. வேலை தொடங்கிவிட்டது. கணினியில் நிறுத்த நேரமில்லை. படிகத்தைக் குளிரில் வைத்திருக்கும் பெரிய கலத்தின் மறுபக்கத்தில் கையால் அணைக்கும் சுவிட்ச் இருந்தது. எர்த் பட்டையைக் கட்டவில்லை. பனி பூத்திருந்த கலத்தின் மேல் மார்பும் வயிறும் ஒட்டக் கவிழ்ந்து, கன்னத்தை அந்தக் குளிர்ந்த இரும்பில் அழுத்திக்கொண்டு, கையை எட்டும் மட்டும் நீட்டிச் சுவிட்சைத் தட்டினாள். முனகல் நின்றது. காந்தத்தின் வலுவைக் காட்டும் எண் பூஜ்யத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் இம்மியளவு போயிருந்தது. அவ்வளவுதான். காந்தத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, தந்தியைப் படிகத்தின் மேல் ஓட விட்டாள்.

பெருசு. நடு. சின்னது.

மூன்றும் இருந்தன. அவள் நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். மூக்கைச் சிந்தினாள். தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். எழுந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும், பழக்கதோஷம், போகவில்லை. இத்தனை நாளும் படிகத்தின் நடுப்பகுதியை மட்டும்தான் பார்த்துவந்தார்கள். ஓரங்களையும் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று தந்தியைக் கடைக்கோடி வரை ஓட விட்டாள்.

நெடுநேரம் ஒன்றுமில்லை. சீரான ஊளை. பிறகு ஓரத்தில் ஓரிடத்தில், தாழாமல், ஊளை உயர்ந்தது.

அவள் மூச்சு விடவில்லை. தந்தியைப் பின்னுக்கு இழுத்து அதே இடத்தில் மறுபடி ஓட்டினாள். மறுபடியும் உயர்ந்தது. மற்ற மூன்றுக்கும் எந்த வகை மின்னூட்டம் இருந்ததோ அதற்கு நேர் எதிரான வகை. நான்காவதாக ஒன்று உள்ளே வந்துவிட்டது. எதிர்ச்சுழல்.

அது அசையவில்லை. அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஊசியால் தள்ளி வெளியேற்றிவிடலாம் என்றால் ஊசி அந்த ஓரம் வரை எட்டாது. துடைத்தாலும் போகாது, மற்றவை போகவில்லையே. பம்பு தடக் தடக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. எங்கோ குழாய்க்குள் ஹீலியம் சீறி அடங்கியது. மேலே இருக்கும் அத்தனை மாடிகளிலும் ஒரு மனிதன் இல்லை என்ற நினைப்பு மெல்ல வந்து தோளில் உட்கார்ந்தது. நடுவே சின்னது துள்ள ஆரம்பித்தது, பாப்பா எழுந்துவிட்டாள். நான்காவது மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அங்கிருந்தபடி எதையோ பார்த்துக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது. சுழலுக்குக் கண் ஏது என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

கழிவறைக்குப் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. நடையின் மறுகோடி. ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டு வந்து திரையைப் பார்த்தாள்.

நான்காவது அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் அவள் இல்லாதபோது பதிவான கோடு வேறு சொன்னது. அவள் வெளியே போனதும் அது கிளம்பியிருக்கிறது. மூன்று சுழல்களும் இருக்கும் பக்கமாகக் கொஞ்ச தூரம் வந்திருக்கிறது. நின்றிருக்கிறது. அவள் திரும்பி வருவதற்குள் பழைய இடத்துக்கே போய்விட்டது.

தப்பாக இருக்கலாம். தந்தி உளறியிருக்கலாம். அவள் எழுந்து, சத்தம் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய், நடையின் இருட்டில் சுவரோடு ஒட்டி நின்றாள். உள்ளே ஊளை கேட்டது. தன் இதயம் அடிப்பதும் கேட்டது. சற்று நின்றுவிட்டு உள்ளே வந்தாள்.

போயிருக்கிறது. நின்றிருக்கிறது. வந்திருக்கிறது.

அவள் பார்த்தால் அசையாது. போனால் அசையும். அதற்குத் தெரிகிறது.

வீட்டுக்கு அடித்தாள். விரல் இரண்டு முறை தவறியது.

"வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"மூணு பேரும்தான் அண்ணி. ஏன்?"

"வேற யாராவது வந்தாங்களா? பால்காரன், கூரியர், யாராவது?"

"லீவு நாள்ல யாரு வருவா? அண்ணன் துணி துவைக்கறாரு. நல்லாவே துவைக்க மாட்டேங்கறாரு."

"கதவைப் பூட்டு. யார் வந்தாலும் திறக்காதே. பாப்பாவைத் தனியா விடாதே."

"என்ன அண்ணி, பயமுறுத்தறீங்க?"

அதற்குள் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அம்மா, எங்கிட்டச் சொல்லாமயே போயிட்ட. உங்கூட டூ."

"வரேன்டா தங்கம். அம்மா இப்ப வரேன்."

புள்ளியையும் கூப்பிட்டாள். தூக்கக் கலக்கத்தோடு, "விடுமுறைன்னு ஒண்ணு எதுக்குத்தான் வச்சிருக்காங்களோ" என்று முனகியவன், அவள் குரலைக் கேட்டதும் அடங்கிவிட்டான். சட்டையைத் திருப்பிப் போட்டிருப்பதுகூடத் தெரியாமல் வந்து சேர்ந்தான். அவள் நீட்டிய பேனாவை வாங்கப் போனவன் சுரீரென்று கையை இழுத்துக்கொண்டான். விரல்களுக்கு நடுவே பொறி பறந்தது.

"என்ன இது, கரன்ட் கம்பி மாதிரி இருக்க? பட்டை கட்டலையா?"

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதிவைக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். கோடு போடுவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"நான் வீட்டுக்குப் போறேன். பாப்பாவைத் தூக்கிக்கிட்டு எங்கயாவது தூரமாப் போயிடறேன். நீ இங்கயே உட்காரு. அதை விட்டுக் கண்ணை எடுக்காதே. யாராவது பார்த்துட்டே இருந்தா அது அசையாது. அசைஞ்சா எனக்குச் சொல்லிட்டே இரு."

"சரி. போ. பார்த்துப் போ."

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. மதிய வெயில், வெறிச்சோடிய சாலை, இறக்கிவிட்ட கடைக் கதவுகள். காருக்குள் பிளாஸ்டிக் காய்ந்த வாடை அடித்தது. பக்கத்து இருக்கையில் போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். போனுக்குள்ளிருந்து ஊளை மெலிதாகக் கேட்டுக்கொண்டே வந்தது.

"இருக்கியா?"

"இருக்கேன். காது, அது கிளம்பிடுச்சு."

"நீ பார்த்துட்டுத்தானே இருக்க?"

"பார்த்துட்டேதான் இருக்கேன். என் கண்ணு முன்னாடியேதான் போகுது."

அவள் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். மரங்கள் பின்னால் ஓடின. "எந்தப் பக்கம்?"

"மூணும் இருக்கற பக்கம்தான். வேகமாப் போகுது இப்ப."

சிக்னல் சிவப்பாக இருந்தது. குறுக்கே ஒரு வண்டியும் இல்லை. ஆனால் பழக்கத்தில் கால் பிரேக்கை மிதித்துவிட்டது.

"நின்னுடுச்சு" என்றான் புள்ளி.

"அப்பாடா."

பச்சை விழுந்தது.

"மறுபடி போகுது."

நம்மோடு பந்தயம் வைக்கிறது என்று நினைத்தாள். தான் போய்ச் சேருவதற்குள் அது போய்ச் சேர்ந்துவிடும். வீட்டில் எந்த மூலையில் நிற்கும்? கதவுக்குப் பின்னாலா? குளியலறையிலா? முகம் இருக்குமா அதற்கு? ஸ்டியரிங்கில் கை வழுக்கியது. அடுத்த சிக்னலை மதிக்கவில்லை. வளைவில் டயர் கிறீச்சிட்டது.

"காது, ரொம்ப வேகம். அது ரொம்ப வேகமாப் போகுது."

"வந்துட்டேன். இதோ வந்துட்டேன்."

அடுக்குமாடியின் வாசலில் காரைக் குறுக்காகவே விட்டாள். போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். லிஃப்டுக்குக் காத்திருக்க மனமில்லை. படியேறினாள். முதல் மாடி. யாரோ தொலைக்காட்சியைப் போட்டிருந்தார்கள். இரண்டாம் மாடி. சத்தமில்லை. தன் மூச்சு மட்டும். கடைசிப் படியில் கால் வைத்து, வீட்டுக்குப் போகும் நீண்ட நடையின் முனைக்கு வந்து நின்றாள். கோடியில் அவர்கள் வீட்டுக் கதவு. மூடியிருந்தது. பூட்டு உடைக்கப்படவில்லை.

"புள்ளி, எங்க இருக்கு அது?"

ஊளை மட்டும் வந்தது. அதில் தாழ்வும் உயர்வும் மாறி மாறி, ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் கேட்டன. இவ்வளவு நெருக்கமாக அவை கேட்டதே இல்லை.

"புள்ளி!"

"காது, ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. நீ இப்ப நடந்துட்டு இருக்கியா, நிக்கிறியா?"

"நிக்கிறேன். எதுக்குக் கேக்கற?"

"ரெண்டு அடி பின்னால போ."

"என்ன விளையாட்டு இது?"

"போயேன், தயவு செஞ்சு."

அவள் பின்னால் இரண்டு அடி வைத்தாள். படிக்கட்டின் கைப்பிடி முதுகில் இடித்தது.

"இப்ப முன்னால வா."

வந்தாள்.

பிறகு அவன் பேசியபோது, அது அவன் குரல் மாதிரியே இல்லை.

"காது, வீட்டுக்குள்ள யாரும் இல்ல. யாரும் வரல. நீ கழிவறைக்குப் போனப்ப அது போச்சு. நீ வந்தப்ப வந்துச்சு. நீ சிக்னல்ல நின்னப்ப நின்னுச்சு." அவன் அழுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. "அது நீதான். நீ திரும்பிப் போயிடு. வந்த வழியே போயிடு. கிட்டப் போகாதே."

அவளுக்கு முதலில் தோன்றியது நிம்மதி. வீட்டில் அந்நியன் இல்லை. மகள் பத்திரமாக இருக்கிறாள். அதன் பிறகுதான் மற்றது வந்து நெஞ்சில் விழுந்தது. பட்டை கட்டாமல் கலத்தின் மேல் கவிழ்ந்தபோது உள்ளே நுழைந்தது அவள்தான். மகளைக் காப்பாற்ற எதை முந்திக்கொண்டு ஓடி வந்தாளோ அதை இத்தனை தூரமும் தானே சுமந்துகொண்டு வந்திருக்கிறாள். போக வேண்டும். இப்போதே. கீழே இறங்கி, காரில் ஏறி, ஊரைத் தாண்டி, கடலே வந்தாலும் நிற்காமல். திரும்பினாள்.

கதவு திறந்தது.

"அண்ணி கார் சத்தம் கேட்டுச்சு, நான் சொல்லல?" நாத்தனாரின் குரல். அதற்கு முன்னால் கொலுசு போட்ட சின்னக் கால்கள் வாசற்படியைத் தாண்டி நடைக்குள் குதித்தன.

"அம்மா!"

"வராதே! அங்கேயே நில்லு! உள்ள போ!"

தன் மகளிடம் அவள் அப்படிக் கத்தியதே இல்லை. குழந்தை திடுக்கிட்டு நின்றது. உதடு பிதுங்கியது. சொன்ன சொல்லைக் கேட்டு, இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு, நடையின் நடுவில் அப்படியே நின்றது.

அவள் முதல் படியில் இறங்கக் காலை எடுத்தாள். கால் கீழே போகவில்லை. முதுகில் யாரும் தொடவில்லை, யாரும் இழுக்கவில்லை; ஆனால் அந்தக் கால் படியில் படிய மறுத்து நடைப் பக்கமாகவே திரும்பியது. இரண்டு கைகளாலும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். போன் கீழே விழுந்தது. "கிட்ட வருதுங்க ரெண்டும்" என்று தரையிலிருந்து புள்ளியின் குரல் கத்தியது. "நீ நிக்கிறியா? நிக்கிறியா? சின்னது வருது!"

"பாப்பா, நடக்காதேடா. அம்மா சொல்றேன்ல, நடக்காதே."

"நான் நடக்கலம்மா."

அவள் பார்த்தாள். குழந்தை நடக்கவில்லை. சேர்த்து வைத்த கால்கள் சேர்ந்தபடியே இருந்தன. முட்டி மடங்கவில்லை. கொலுசு ஒலிக்கவில்லை. வழுவழுப்பான தரையில் அந்த இரண்டு பாதங்களும் அப்படியே, சத்தமில்லாமல், அவளை நோக்கி வந்துகொண்டிருந்தன. நாத்தனார் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. ஓடி வந்து கவுனின் பின்பக்கத்தைப் பிடித்தாள். துணி விறைத்தது. தையல் பிரியும் சத்தம் கேட்டது. கையில் கிழிந்த துணி மட்டும் இருந்தது.

"அண்ணி! என்ன அண்ணி இது?"

கம்பியில் அவள் விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அவள் விடவில்லை. அவைதான் கழன்றன. அவளுடைய செருப்பும் தரையில் நகர ஆரம்பித்திருந்தது.

"அம்மா, பயமா இருக்கும்மா."

இடைவெளி இப்போது ஒரு பாய் விரிக்கும் அளவுகூட இல்லை. குழந்தை கண்களில் நீர் முட்ட அவளை அண்ணாந்து பார்த்தது. பயந்தால் எப்போதும் செய்வதுபோல், தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டியது.